டில்லர் இழுக்கவில்லை: ரிங் போடவா, புதுசு எடுக்கவா, வாடகைக்குப் போகவா?

கார் (முதல் போக நெல்) சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்து கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்த பத்து நாளுக்குள் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது ரெண்டு வீட்டு பவர் டில்லர் (கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டுகிற உழவு மெஷின்) படுத்துவிடும். மாசக்கணக்காக மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்ததை இழுத்து நேராகத் தொளிக்குள், அதாவது நடவுக்குக் கலக்கும் சேற்றுக்குள் இறக்கினால் வேறென்ன செய்யும். படுத்த அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் மூன்று கட்சி கிளம்பிவிடும். இன்ஜினை இறக்கி ரிங் பிஸ்டன் போடு என்று ஒரு கட்சி. இதைக் கழித்துவிட்டு மானியத்தில் புதுசு எடு என்று ஒரு கட்சி. எதுக்குல இந்தச் சள்ளை, டிராக்டரை மணிக்கணக்குக்குக் கூப்பிட்டு அடித்துவிட்டுப் போ என்று மூன்றாவது.

எனக்கு வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் நாலு ஏக்கர். மூன்றில் நெல், ஒன்றில் வாழை. டில்லருக்கு வயது பதினொன்று. இந்த மூன்று வழியிலும் ஏதோ ஒரு வகையில் காசு விட்டவன் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோளாறு இன்ஜினிலா, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலா என்று தெரியாமல் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது சீட்டுக் குலுக்கல்தான்.

நான் ஏமாந்தது வண்டியின் ஏழாவது வருஷம். சமதரையில் ஜம்மென்று ஓடும், மண்ணைக் கிளறுகிற ரோட்டரியை இறக்கிச் சேற்றில் விட்டால் நின்றுவிடும். பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். சைலன்சரைப் பார்த்தார், கைப்பிடியை மாட்டி ரெண்டு சுற்று சுற்றினார். “அண்ணாச்சி, கம்ப்ரெஷன் இல்ல. லைனர் பிஸ்டன் போட்டுருவோம்” என்றார். இன்ஜினுக்குள் காற்று சரியாக அழுந்தவில்லை, பிஸ்டனையும் அது ஓடுகிற லைனர் குழாயையும் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். போட்டோம். நாலு நாள் போனது, நான் அப்போது கையில் வைத்திருந்த உரக்காசும் போனது. வண்டி வந்தது, தொளியில் இறக்கினேன், பழையபடி நின்றது. வரப்பில் குந்தியிருந்த பெரியப்பா பீடியை எடுக்காமலே கேட்டார்: “ஏல, இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான இருக்கு, சக்கரம்லா நிக்கி?”

அவருக்கு டில்லர் ஓட்டவே தெரியாது. ஆனால் அவர் சொன்னதுதான் முழு வைத்தியமும். பாரம் ஏறும்போது இன்ஜின் சத்தம் இறங்கி, கறுப்பாகப் புகைத்து, இழுத்து இழுத்து அணைகிறது என்றால் இன்ஜினைச் சந்தேகப்படுங்கள், அல்லது பாரமே அதிகம். சத்தம் கொஞ்சமும் இறங்காமல் அதே வேகத்தில் ஓட, சக்கரமும் ரோட்டரியும் மட்டும் நிற்கிறது என்றால் இன்ஜின் மேல் குற்றமே இல்லை. அதன் பலம் வழியில் எங்கேயோ வழுக்கிப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க ஸ்பானர் கூட வேண்டாம், வரப்பில் நின்று காதைக் கொடுத்தால் போதும்.

என் வண்டியில் வழுக்கியது எங்கே என்று பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெல்ட் மூடியைக் கழற்றினேன் (ஓடும்போது அந்த மூடியைக் கழற்றுகிற ஆட்கள் எங்கள் ஊரிலும் உண்டு, அதில் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் பாதிதான்). மூன்று வி-பெல்ட்டின் பக்கவாட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஆயில். இன்ஜின் பக்கம் கிராங்க் ஆயில் சீல் கசிந்து, சொட்டுச் சொட்டாகப் பெல்ட்டில் விழுந்திருக்கிறது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஓர் அங்குலம் அமுங்க வேண்டும். என்னுடையது துணி காயப்போட்ட கொடி போல அமுங்கியது. மூன்று பெல்ட், ஒரு சீல். உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது. நான் போட்ட லைனர் பிஸ்டன் காசில் இதைப் பத்து தடவைக்கு மேல் செய்திருக்கலாம்.

பெல்ட் மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். பழையது ரெண்டும் நீண்டு கிடக்கும், புதியது மட்டும் விறைப்பாக நின்று மொத்தப் பாரத்தையும் தூக்கி ஒரே பட்டத்தில் (ஒரு சாகுபடிப் பருவத்தில்) அறுந்துபோகும். மாற்றினால் மூன்றும் சேர்த்து. பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியின் பள்ளத்தையும் விரலை விட்டுப் பாருங்கள். பெல்ட் பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும்; பள்ளத்தின் அடிமட்டம் பளபளவென்று இருந்தால் பெல்ட் கீழே போய் உட்காருகிறது என்று அர்த்தம், புல்லி தேய்ந்துவிட்டது, அதற்குப் புதுப் பெல்ட் போட்டும் பலன் இல்லை.

பெல்ட் சரியாக இருந்து இன்னும் வழுக்கினால் கிளட்ச். கம்பியைச் சுருக்கிச் சுருக்கி முறுக்கி வைத்திருப்பார்கள், நெம்புகோலில் ஆட்டமே இருக்காது, தட்டுகள் எப்போதும் பாதி விட்டே இருக்கும், சேற்றில் சூடேறித் தீய்ந்த வாடை வரும். ஆட்டம் கொஞ்சம் வைத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் தட்டு மாற்ற வேண்டியதுதான். சில சின்ன வண்டிகளில் தனிக் கிளட்சே கிடையாது, பெல்ட்டை அழுத்துகிற ஓர் உருளைதான் கிளட்ச். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் மெஷின் ஒன்றை ஓட்டுகிற பையன் எனக்குப் பழக்கம். அவன் மெஷினிலும் இதே கதைதான், இன்ஜின் ஓடும், வண்டி நகராது. ஒரு தடவை பெல்ட். இன்னொரு தடவை, தள்ளிக்கொண்டு போவதற்காக ஹைட்ராலிக் கியரைத் துண்டித்து வைக்கும் பைபாஸ் நெம்புகோலை இழுத்துவிட்டு, அதைத் திரும்பத் தள்ள மறந்திருக்கிறார்கள். ரெண்டு நாள் பார்ட்ஸ் தேடி அலைந்தானாம்.

சரி, சத்தம் இறங்குகிறது, இன்ஜின்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே இறக்க வேண்டாம். புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் கிளீனரைத் திறங்கள். ஆயில் ஊற்றுகிற வகையாக இருந்தால் அந்தக் கிண்ணத்தில் ஆயிலுக்குப் பதில் களிமண் குழம்பு இருக்கும், என்னுடையதில் ஒரு தடவை குளவிக்கூடு இருந்தது. அது சுத்தமாக இருந்தால் நாசில். டீசல் பூவாகத் தெளிக்காமல் ஒழுகும். நாசிலைக் கழற்றிப் பம்ப் கடையில் கொடுத்தால் சோதித்துத் தருவார்கள், சின்னச் செலவு. பிளேடு தேய்ந்த ரோட்டரியும் இன்ஜினைத் திணறடிக்கும், அதையும் இன்ஜின் கோளாறு என்று சொல்லிக் காசு வாங்குவார்கள்.

வெள்ளைப் புகை காலையில் கிளப்பும்போது கொஞ்சம் வந்து நின்றால் கவலை இல்லை. சூடான பிறகும் வந்துகொண்டே இருந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்துவிட்டுக் கிளப்புங்கள். சோறு கொதிக்கிற மாதிரி குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் உள்ள அடைப்பு) போய்விட்டது. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் இனி ஒரு நிமிஷம் கூட ஓட்டக் கூடாது. ஆயில் மட்டம் ஊற்றாமலே ஏறியிருக்கிறதா, மோந்து பாருங்கள், பம்ப் வழியாக டீசல் இறங்கியிருக்கும்.

நீலப் புகைதான் உண்மையான செலவு. இன்ஜின் ஆயில் எரிகிறது. கூடவே இன்ஜின் மூச்சு விடுகிற பிரேதர் குழாயில் கையை வைத்தால் உள்ளங்கையில் பொசுக் பொசுக்கென்று காற்று அடிக்கும். அது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற வாயு. தினமும் அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கும். இன்டேக் வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றி, கம்ப்ரெஷன் கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு என்று ஒரு சோதனை சொல்வார்கள். நின்ற சிலிண்டருக்கு அது சரி. டில்லரில் சிலிண்டர் படுத்துக் கிடப்பதால் ஆயில் அடிப்பக்கமே தேங்கிவிடும், அந்தச் சோதனையை முழுசாக நம்பிப் பட்டறைக்காரரோடு சண்டை போடாதீர்கள். அதற்கு முன்னால் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு முழுசாக மூடாமல் நின்றாலும் கைப்பிடி லேசாகத்தான் சுற்றும்.

போன வருஷம் எனக்கு வந்தது இந்த நீலப் புகை. இந்தத் தடவை கோளாறு இன்ஜினில்தான், சந்தேகமில்லை. அப்போதுதான் டீக்கடைக் கட்சிகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன்.

முதலில் வாடகை. இதைத்தான் நான் ரொம்ப நாள் கேவலமாக நினைத்திருந்தேன், கணக்குப் போட்ட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். மூன்று ஏக்கர் நெல், பட்டத்துக்கு ரெண்டு உழவு, டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி அடித்தால் ஓர் ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம். கார், பிசானம் (ரெண்டாம் போகம்) ரெண்டுக்கும் சேர்த்து 15 மணி நேரம். வேளாண் பொறியியல் துறை டிராக்டரை நான் கடைசியாக எடுத்தபோது மணிக்கு 500 ரூபாய், அப்படியானால் வருஷத்துக்கு 7,500. என் டில்லருக்கு ஓர் ஏக்கர் ஓர் உழவு முடிய நாலரை மணி நேரம் ஆகும். அதே வேலைக்கு 54 மணி நேரம். மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல் என்றால் 81 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 7,500 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. டீசலுக்கு மட்டும்! நான் வெயிலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்த நடைக்கும், ஆயிலுக்கும், பெல்ட்டுக்கும் கணக்கே இல்லை. சொந்த வண்டி வைத்திருந்தால் மிச்சம் என்று யாராவது சொன்னால் அவரை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஏன் எல்லாரும் வாடகைக்குப் போகவில்லை? தண்ணீர் தான் காரணம். கால்வாயில் தண்ணீர் வந்ததும் மேலே கல்லிடைக்குறிச்சியிலிருந்து கீழே சேரன்மகாதேவி வரைக்கும் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் தொளி அடிக்க வேண்டும். துறை வண்டிக்கு உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதியலாம், ஆனால் அந்த வாரத்தில் நம் முறை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. தனியார் டிராக்டருக்கு எங்கள் பக்கம் மணிக்கு ஆயிரத்துக்கு மேல், சீசனில் அதற்கும் மேல், போன் எடுத்தாலே பெரிய விஷயம். கார் போகத்தில் நாங்கள் போடுவது பெரும்பாலும் அம்பை 16 நெல், சுமார் 110 நாள் பயிர். நடவு பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளினால் அறுப்பு வடகிழக்கு மழையில் போய் முட்டும், அதோடு பிசான நாற்றும் பிந்தும். ஒரு வாரம் டிராக்டருக்குக் காத்திருந்த செலவை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. இது போக, வாழைக்குள் டிராக்டர் நுழையாது. உளைச்சேறு உள்ள பள்ள வயலில் டிராக்டரை இறக்கினால் அதைத் தூக்க இன்னொரு டிராக்டர் வேண்டும்.

புதுசு எடுப்பது. பெரிய டில்லர் இன்றைக்கு ரெண்டு லட்சத்தை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம் மானியம், அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. சிறு குறு விவசாயி சான்று, சிட்டா, ஆதார் எல்லாம் எடுத்துப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொடுமை என்னவென்றால் நமக்கு வண்டி தேவைப்படுவது தண்ணீர் வந்த வாரத்தில், மானியம் வருவது அது வரும்போது. அதனால் புதுசு எடுக்கிற முடிவைப் பங்குனி சித்திரையில் எடுங்கள், ஆனியில் எடுக்காதீர்கள். கையிருப்பு வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும்போதே பதிந்துவிட்டால் பழையதற்கும் ஒரு விலை கிடைக்கும்; படுத்த வண்டியைக் கேட்க வருகிறவன் இரும்பு விலைதான் கேட்பான்.

வேறு இன்ஜின் மாற்றி வைப்பது என்று நாலாவதாக ஒரு யோசனை என் மச்சானுக்கு வந்தது. பழைய பம்ப்செட் இன்ஜின் ஒன்று சும்மா கிடக்கிறது மாப்பிள்ளை, தூக்கி வைத்துவிடலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பம்ப்செட் இன்ஜின் பலதும் நிமிஷத்துக்கு 1,500 சுற்றில் ஓடுகிறவை, டில்லர் இன்ஜின் 2,000-க்கு மேல் ஓடும். அதே புல்லியோடு மாட்டினால் ரோட்டரி சோம்பேறித்தனமாகச் சுற்றும், மண் உடையாது. புல்லி மாற்றினால் பெல்ட் அளவு மாறும், எடை கூடினால் மூக்கு சேற்றில் புதையும். அதே மாடல் இன்ஜின் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

மிச்சம் இருந்தது இறக்கி வேலை செய்வது. இதை முடிவு செய்ய நான் இன்ஜினைப் பார்க்கவே இல்லை, கியர்பாக்ஸைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்திவிட்டு, காலையில் கியர்பாக்ஸின் அடி போல்ட்டை ரெண்டே புரி தளர்த்தி ஒரு சொம்பைக் கீழே பிடித்தேன். தண்ணீர் ஆயிலை விடக் கனம், அதனால் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும். ஒரு கால் சொம்பு சேற்றுத் தண்ணீர் வந்து, அப்புறம் பால் விட்ட காப்பி மாதிரி ஆயில் வந்தால், அச்சு சீல் வழியாகத் தொளித் தண்ணீர் ஒரு பட்டமாவது உள்ளே இருந்திருக்கிறது, பேரிங்கும் பல்லும் அரித்திருக்கும், அந்த வண்டியில் புது லைனர் போடுவது ஓட்டைப் பானைக்கு ஈயம் பூசுகிற வேலை. என்னுடையதில் பத்துச் சொட்டுத் தண்ணீர், பின்னாலேயே தேன் நிறத்தில் ஆயில். கியர் விழுந்து கழன்று போவதும் இல்லை, கத்தலும் இல்லை. சரி, இன்ஜினுக்குச் செலவு செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

லைனரை உருவிப் புதிது இறக்குகிற வகை என்பதால் சிலிண்டரைக் கடைகிற வேலை இல்லை. லைனர், பிஸ்டன், ரிங், கேஸ்கெட், வால்வைத் தேய்த்து உட்கார வைக்கிற லேப்பிங், அவ்வளவுதான். கிராங்கை அளந்து பார்க்கச் சொன்னேன், தேய்மானம் அளவுக்குள் இருந்தது. அது மட்டும் போயிருந்தால் கிரைண்டிங், பேரிங் என்று செலவு ரெட்டிப்பாகியிருக்கும், அப்போது நான் இரும்புக்காரனுக்கே போன் போட்டிருப்பேன். கழற்றிய பழைய சாமானை ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பட்டறைக்காரருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை. நாலே வருஷத்தில் லைனர் ஏன் தேய்ந்தது என்று அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, கோடையில் காய்ந்த மண்ணில் புழுதி உழவு அடித்தபோதெல்லாம் நான் ஏர் கிளீனர் ஆயிலை மாற்றியதே இல்லை. வேலை முடிந்த பிறகு ஒரு வாரம் பாரமே ஏற்றாமல் டிரெய்லரில் வைக்கோல் மட்டும் இழுத்தேன், அப்புறம் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் வயலில் இறக்கினேன்.

இப்போது நான் ஓட்டுவது கலவையாகத்தான். முதல் உழவுக்குத் தண்ணீர் திறக்கும் முன்னமே, யாரும் அடித்துக்கொள்ளாத நேரத்தில், துறை டிராக்டர். தொளிக்கும் வாழைக்கும் டில்லர். இதனால் டில்லரின் ஓட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது. மச்சான் தன் டில்லரை விற்றுவிட்டார். அவருக்கு முக்கூடல் ரோட்டோரமாக ஒரே துண்டாக ரெண்டு ஏக்கர், வாழை கிடையாது, டிராக்டர் ரோட்டிலிருந்து நேரே இறங்கும், அவர் செய்ததுதான் அவருக்குச் சரி. பம்ப்செட் இன்ஜினை மட்டும் இன்னும் யார் தலையிலாவது கட்டப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.